ரோமிங் புரொஃபைல்: எதைச் சுமப்பது, எதை விடுவது

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளின் லேப்களில், இன்று ஒரு கணினியில் உட்காரும் மாணவன் நாளை அதே இடத்தில் உட்காருவான் என்று சொல்ல முடியாது. எங்கே உட்கார்ந்தாலும் அவனுடைய டெஸ்க்டாப்பும் செட்டிங்கும் கூடவே வர வேண்டும். ரோமிங் புரொஃபைல் அதற்குத்தான். சர்வர் லைசென்ஸுக்குப் பணம் ஒதுக்க வழியில்லாத இடங்களில் லினக்ஸும் சாம்பாவும் கைகொடுக்கின்றன. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சாம்பா, 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராகவும் இயங்குகிறது.

இதில் சாம்பாவுக்கு வேலை குறைவு. ஒரு ஷேர், பயனர் கணக்கில் புரொஃபைல் பாத் என்று ஒரு வரி, அவ்வளவுதான். லாகின் ஆகும்போது இறக்குவதும் லாக் ஆஃப் ஆகும்போது ஏற்றுவதும் விண்டோஸ். ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் '.வி6' என்று சேர்ப்பதும் அதுவே. பாத்தில் நாம் எழுதக் கூடாது. எனவே கோளாறு என்றால் சர்வரைத் திட்டுமுன் மாணவனின் கணினியில் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்ப்பேன்.

பெரும்பாலும் அங்கே தெரிவது சுமைதான். ஆப்டேட்டாவில் 'லோக்கல்' என்ற பகுதி பயணிக்காது. ஆனால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ '.கிரேடில்', '.ஆண்ட்ராய்டு' ஃபோல்டர்களையும், விஎஸ் கோட் தன் எக்ஸ்டென்ஷன்களையும் புரொஃபைலின் வாசலிலேயே கொட்டி வைக்கும். ஆயிரக்கணக்கில் பொடிக் கோப்புகள். ஒரு புரொஃபைல் 500 எம்பி, லேப்பில் 40 பேர் என்று வையுங்கள்: மொத்தம் 20 ஜிபி. சர்வருக்குப் போகும் லைன் 100 எம்பிபிஎஸ் என்றால் லாகின் ஆகவே அரை மணி நேரம் போய்விடும். கிகாபிட் லைனிலும் குறைந்தது மூன்று நிமிடம். பொடிக் கோப்புகள் மிகுந்தால் அதற்கும் மேல்.

குரூப் பாலிசியில் அந்த ஃபோல்டர்களை விலக்கி, டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் ஃபோல்டர் ரீடைரக்ஷனில் சர்வரிலேயே வைத்துவிட வேண்டும். அப்போது அவை காப்பி ஆவதில்லை. இருந்த இடத்திலேயே திறக்கும். பயணிப்பது ரெஜிஸ்ட்ரி கோப்பும் சில செட்டிங்குகளும் மட்டும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். கரண்ட் போவது புதிதல்ல. லாக் ஆஃப் பாதியில் கரண்ட் போனால் புதிய பிரதி அந்தக் கணினியில் தங்கிவிடும். சர்வரில் பழையதே இருக்கும். மறுநாள் வேறு கணினியில் உட்கார்ந்த பையன், "சாரே, எனக்க செட்டிங் எல்லாம் பழசா கெடக்கு" என்பான். பெல் அடித்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஓடினாலும் இதே கதைதான். ஏற்ற வேண்டியது குறைவாக இருந்தால் இந்த ஆபத்தான நேரமும் சில நொடிகளாகச் சுருங்கும்.

இரவு பேக்கப்புக்கு ஓட்டும் ஆர்சிங்க்கும் டிரிட்ஜெல் சேர்ந்து எழுதியதே. அதில் ஏசிஎல்லையும் எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டையும் காப்பி செய்யும் ஆப்ஷன்களைச் சேர்க்க மறக்க வேண்டாம். இல்லையேல் கோப்பு திரும்ப வரும், பெர்மிஷன் வராது, புரொஃபைல் திறக்காது.

ஒரு புரொஃபைல் 50 எம்பியைத் தாண்டினால் உள்ளே என்ன கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். புது சர்வர் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதுவது அதற்குப் பிறகு.