கறுப்புப் பக்கம்

அம்மா 1991இல் இறந்தாள். அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்க்க எனக்குச் சில வருஷங்கள் ஆயின. துக்கம் காரணமல்ல. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்புத்தான். நினைத்தபடியேதான் இருந்தது. ஃபிளானல் துணி போர்த்திய பலகை. முதுகில் உப்புத்தாள் ஒட்டிய காகித மனிதர்கள் - தாவீது, கோலியாத், ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன். மனப்பாட வசனம் எழுதிய அட்டைகள். அடியில் வார்த்தையில்லாப் புத்தகம். அந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் நாசரேத் பக்கம், தேரிக்காட்டை ஒட்டியது. காற்றுக்கு இடம் மாறும் சிவப்பு மணல், பனை, உடை. அப்பா மிஷன் பள்ளியில் வாத்தியார். அம்மாவுக்கு நாங்கள் நாலு பேர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாற்பது பேராகிவிடுவோம். பனையேறிகளின் பிள்ளைகள் கருப்பட்டிப் பிசுக்கோடு வந்து திண்ணையில் உட்காருவார்கள். மற்ற பிள்ளைகளுக்குச் சொன்ன அதே கதையை, அதே குரலில்தான் அவள் எங்களுக்கும் சொன்னாள். இது எனக்கு அந்த வயதில் பொறுக்கவில்லை. ராத்திரி குடும்ப ஜெபத்தில்தான் நாங்கள் தனியாக அவள் பிள்ளைகளானோம். பெயர் பெயராகச் சொல்லி ஜெபிப்பாள். நான் கோயிலை விட்ட பிறகும் என் பெயர் வந்தது. ஆனால் நான் கேட்கும்படி 'இவனைத் திருப்பும்' என்று அவள் ஒருநாளும் ஜெபித்ததில்லை. நான் இல்லாத நாட்களில் அழுதே கேட்பாள் என்று தங்கை சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தமிழ் பைபிளில் பனிக்கு வழங்கும் பெயர் 'உறைந்த மழை'. பெய்கிற மழையையே அபூர்வமாகப் பார்க்கும் பிள்ளைகளுக்கு உறைந்த மழையின் வெண்மையை எப்படிச் சொல்வது? அம்மா ஒரு கலயத்தை எடுத்து உட்புறத்தைக் காட்டுவாள். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கும். தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். 'அந்த வெள்ளை' என்பாள். வேறு விளக்கம் கிடையாது. மொழிபெயர்ப்பாளர்கள் திண்டாடிய இடத்தை அவள் இப்படித் தாண்டிவிட்டாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது.

அந்த நாட்களில் நான் படிமத்துக்கும் குறியீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பற்றி ஒரு பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதியிருந்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது வார்த்தையில்லாப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் அதையே பிரசங்கித்தேன். 1866இல் லண்டனில் ஸ்பர்ஜன் ஒரு பிரசங்கத்தில் பேசிய சமாசாரம் அது. அவர் சொன்னவை மூன்று பக்கங்கள். கறுப்பு பாவம், சிவப்பு ரத்தம், வெள்ளை சுத்தம். பொன்னிறமும் பச்சையும் பின்னால் சேர்ந்தவை. அம்மாவின் புத்தகத்தில் ஐந்தும் உண்டு. "இதெல்லாம் படிமமில்லைம்மா, கடைப் பலகை. ஒரு நிறத்துக்கு ஒரு அர்த்தம். அதோடு செத்துப்போச்சு" என்றேன். "சரிலே, சாப்பிட வா" என்றாள்.

1974 மே மாதம், விடுமுறை வேதாகமப் பள்ளியின் மூன்றாவது நாள் என்று ஞாபகம். அம்மா கறுப்புப் பக்கத்தை விரித்து வழக்கமானதைச் சொன்னாள். ஏழெட்டு வயதுப் பெண் ஒன்று எழுந்தது. "வாத்தியாரம்மா, எங்க ஆச்சி என்னயக் கருப்பிங்கா. அப்ப நான் பாவமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினாள். அன்றைக்குப் பாட்டோடு வகுப்பு முடிந்துவிட்டது.

நானும் கறுப்புத்தான். அந்தப் பக்கத்தை ஐந்து வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். வெள்ளைக்காரன் செய்த குறியீடு என்று வாய் கிழியப் பேசியவன். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு எழவில்லை. எனக்கிருந்த கவலை இலக்கியக் கவலை.

மறுநாள் அந்தப் பெண்ணுக்கு மட்டும் புது மனப்பாட வசனம். உன்னதப்பாட்டில் தலைவி தன் கறுப்பைப் பற்றிப் பேசும் இடம். பிள்ளைகளுக்கு யாரும் அந்த ஆகமத்தை எடுப்பதில்லை. குருவானவர் முகத்தைச் சுளித்தார். தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த வசனத்தில் ஒரு 'ஆலும்' இருக்கிறது. கறுப்பு ஒரு குறை, அதையும் மீறி அழகு என்கிற 'ஆலும்'. 1611 ஆங்கிலத்திலும் அந்த 'ஆனால்' உண்டு. எபிரெயத்தில் இருப்பதோ ஒற்றை எழுத்தாலான இணைப்பு. 'உம்' என்றும் கொள்ளலாம், 'ஆனால்' என்றும் கொள்ளலாம். அம்மாவுக்கு எபிரெயம் தெரியாது. வசனத்தை உள்ளபடி ஒப்பிக்க வைத்துவிட்டு, அர்த்தம் சொல்லும்போது, "கறுப்பாவும் இருக்கா, அழகாவும் இருக்கா. ரெண்டும் உண்டு, பிள்ளே" என்றாள். 'ஆலும்' போய் 'உம்' வந்துவிட்டது. வேதத்தின் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்று நம்பியவள் செய்த காரியம் இது. மாற்றியதாக அவள் நினைத்திருக்கமாட்டாள்.

அந்த வாரமே கறுப்புத் தாளைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் அப்பாவின் பழைய வேட்டித் துண்டொன்றைத் தைத்தாள். அதில் வாழைக்கறை. "இதுதான் பாவம். துணி நல்ல துணிதான். கறை வெளியேயிருந்து பட்டது" என்று பிள்ளைகளிடம் சொன்னாள்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அன்று ராத்திரி, "வாழைக்கறை வெளுத்தாப் போகாதேம்மா. உன் உவமை இடிக்குதே" என்றேன்.

அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே, "நாம வெளுத்தாப் போகாது" என்றாள்.

ஒரு குறியீடு அதைப் பார்ப்பவனை என்ன செய்கிறது என்பதுதான் விமர்சனத்தின் முதல் கேள்வி என்றால், எங்கள் வீட்டில் அதைக் கேட்டவள் அந்தச் சின்னப் பெண். அதற்குப் பதில் சொன்னவள் அம்மா. நான் கட்டுரை எழுதினேன்.

நான் கோயிலுக்குத் திரும்பவில்லை. அவள் நம்பியதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. இதை அவள் நினைவுக்காகக் கூட மாற்றிச் சொல்வது அவளுக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆனால் அவளுடைய அந்தக் கடைசிப் பதிலைத் தள்ளிவிடவும் எனக்கு முடிந்ததில்லை. புத்தகம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. சிவப்பு வெளிறிவிட்டது. பொன்னிறத் தாள் உரிந்து வருகிறது. வேட்டித் துண்டு பழுப்பேறியிருக்கிறது. வாழைக்கறை மட்டும் அப்படியே இருக்கிறது.