நாலடித் தொட்டி இரண்டடியாகிறது

குழாயின் ஒரு முனை தொட்டிக்குள், மறுமுனை வாளிக்குள். பையன் குனிந்து வாயால் ஒரு இழு இழுத்து, தண்ணீர் உதட்டைத் தொடுவதற்குள் குழாயைச் சட்டென்று தாழ்த்துகிறான். பழுப்பு நிறத்தில் இறங்குகிறது தண்ணீர். அழுக்கல்ல அது. கேத்தாப்பாங் எனும் நாட்டு வாதுமை இலையும் மரக்கட்டையும் மாதக்கணக்கில் ஊறி விட்ட சாறு. முதல் வாளி நிறைந்ததும் அவன் அதைக் கொட்டவில்லை, மூடி போட்டு ஓரமாக வைக்கிறான். மூன்று வாளி அப்படிச் சேர்ந்த பிறகுதான் நாலாவது வாளி வாசலில் நிற்கும் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது.

ஜோகூரில், ரெங்கம் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தாமான் குடியிருப்பு. நான் பார்க்க வந்தது அவன் பாட்டியை. வந்த இடத்தில் இந்த வேலை நடக்கிறது. பேச்சு கொடுத்தால் அவன் கை தடுமாறும் என்று, பிரம்பு நாற்காலியில் தேநீரோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அவன் சிந்தோக்கிற்குப் போகிறான். வட மலேசியப் பல்கலைக்கழகம், கெடா, தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைக்காடு. தீபகற்பத்தின் தெற்குக் கோடிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரிலிருந்து வடக்குக் கோடிக்குப் பயணம். 2025இல் குளுவாங்குக்கு வந்துவிட்ட இ.டி.எஸ். மின்சார ரயிலில் கோலாலம்பூர் வழியாகப் போக வேண்டும். இரண்டு பைகள் சுவரோரம் தயாராக நிற்கின்றன. விடுதி அறையில் இன்னொருவனும் இருப்பான். மீனுக்கு அங்கே இடமில்லை.

வீட்டில் மிச்சமிருக்கப்போவது இரண்டு பேர். அம்மாவுக்குக் கூலாயில் தொழிற்சாலை வேலை. விடிவதற்குள் வேன் ஏறினால் இருட்டித்தான் திரும்புவார். ஆகவே தொட்டி பாட்டியின் பொறுப்பு. பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் சுமந்த தோள் அது. இன்றைக்கு இடது கை தலைக்கு மேல் ஏறாது. தலை வாரிக்கொள்ளவே மருமகள் வேண்டும்.

அவன் போட்ட கணக்கு அந்தத் தோளிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. சுவரில் ஒட்டிய தாளில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான். நாலடித் தொட்டி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி, ஏறக்குறைய 250 லிட்டர். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் பத்து லிட்டர் வாளியில் ஆறு நடை. ஊற்ற இன்னொரு ஆறு. இரண்டடித் தொட்டி, அகலமும் உயரமும் ஓரடி, 55 லிட்டர். கால்பங்கு என்றால் பதினாலு லிட்டர். அரை வாளியாக மூன்று நடை. அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

சின்னத் தொட்டி என்றால் வேலை சுலபம் என்று நினைப்பவர்கள் அதிகம். வேலை குறையும், ஆபத்து கூடும். 250 லிட்டரில் ஒரு மீன் செத்து மிதந்தால் மறுநாள் பார்த்து எடுக்கலாம். 55 லிட்டரில் அதே மீன் ஒரே இரவில் தண்ணீரைக் கெடுத்துவிடும். தண்ணீர் குறையக் குறைய, தப்புக்கு இடமும் குறைகிறது. அதனால் தொட்டி கால்பங்கானால் மீனும் கால்பங்கு என்று அவன் வைத்துக்கொள்ளவில்லை; அதற்கும் கீழே இறங்கியிருக்கிறான். எட்டே எட்டு மீன்.

எந்த எட்டு என்பதில்தான் அவன் தூக்கம் கெட்டிருக்க வேண்டும். ஏஞ்சல் ஜோடிக்கு உயரமான தொட்டி தேவை. செட்டை விரித்து நிற்க ஓரடித் தண்ணீர் போதாது. சுமாத்ரா, போர்னியோ ஆறுகளைச் சேர்ந்த க்ளவுன் லோச் கடையில் விரல் நீளத்தில் கிடைக்கும். வளர்ந்தால் ஓரடி வரும், இருபது ஆண்டுக்கு மேல் வாழும், கூட்டமில்லாவிட்டால் வாடிப்போகும். அவனிடம் ஐந்து இருந்தன. ஏஞ்சல் ஜோடியும் அந்த ஐந்தும் நேற்றே குளுவாங் மீன் கடைக்குப் போய்விட்டன. கடைக்காரச் சீனர் காசு தரவில்லை, இவனும் கேட்கவில்லை. "பிரித்து விற்காதீங்க அங்கிள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டானாம். கப்பிகளைத் தெருப் பிள்ளைகள் காலையிலேயே வாங்கிப் போய்விட்டார்கள்.

மிஞ்சியவை ராஸ்போரா. செம்பு நிற உடம்பு, பின்பாதியில் கறுப்பாக ஒரு முக்கோணம். உலகம் முழுக்க மீன் தொட்டிகளில் நீந்தும் இந்த மீன் நம் தீபகற்பத்து ஓடைகளில் உள்ளது; 1904இல் டுங்கர் என்ற ஜெர்மானியர் அதை அறிவியல் முறையில் விவரித்தார். இலைச்சாறு இறங்கிய பழுப்புத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டையை இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டி வைக்கும். இந்த வட்டாரத்து மண்ணும் அப்படிப்பட்ட தண்ணீருக்கு ஏற்றதுதான். மலேசிய மண்வகைகளில் ஒன்றுக்கு ரெங்கம் தொடர் என்றே பெயர். கருங்கற்பாறை சிதைந்து உண்டான மஞ்சட்பழுப்பு மண், சுண்ணாம்பு குறைவு, அமிலம் அதிகம். பாட்டி வெட்டிய ரப்பரும் அதன்பின் வந்த செம்பனையும் வேரூன்றியது இத்தகைய மண்ணில்தான். எட்டு மீனைப் பொறுக்கியபோது அவன் அழகைப் பார்க்கவில்லை. தான் இல்லாதபோது எது அதிகம் கேட்காமல் வாழும் என்று பார்த்திருக்கிறான்.

இன்னும் ஒன்று பாக்கி. தொட்டியின் மூலையில், கட்டையோடு கட்டையாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது ஈக்கான் பண்டாராயா. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று மூன்று வெள்ளிக்கோ நான்கு வெள்ளிக்கோ வாங்கியது. இப்போது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம்.

மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார் மாமா. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஏண்டா, இதுக்குப் போய் இவ்வளவு பாடு? பின்னால கால்வாயில விட்டுட்டுப் போ. அதுபாட்டுக்குப் பொழச்சுக்கும்."

"பொழச்சுக்கும் மாமா. அதுதான் பிரச்சினையே."

அதற்கு மேல் அவன் விளக்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை. எனக்குத்தான் சொல்ல வேண்டும்போல வாய் துடிக்கிறது. தென் அமெரிக்காவின் ஆற்று மீன் அது. உடம்பு முழுக்க எலும்புத் தகடு, அதனால் விழுங்க வருபவை குறைவு. சாக்கடைத் தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். முட்டையிடக் கரையைக் குடைந்து வளை தோண்டும், கரை சரியும். சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் இந்த மீனைத் தன்னார்வலர்கள் குழுவாக இறங்கி வலைபோட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனையும் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலோ பண்ணையிலோ தொடங்கியவைதானே. இங்கே ஜோகூரில் அது இன்னும் கவலைக்குரியது. ஆயர் ஹீத்தாம் பக்கத்துச் சதுப்பில் பெட்டா பெர்செபோனி என்று ஒரு கறுப்புச் சண்டைமீன் உண்டு. சுண்டுவிரலில் பாதி நீளம். 1986இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. ஜோகூரின் சதுப்பைத் தவிர வேறெங்கும் அது இல்லை, அந்தச் சதுப்பும் செம்பனைக்காக வெட்டி வடிக்கப்பட்டுச் சுருங்கிவிட்டது. இருக்கிற இடத்தையும் இழந்துகொண்டிருக்கும் மீன் உள்ள மாநிலத்தில், எங்கும் பிழைக்கும் மீனைக் கால்வாயில் விடுவது சின்னக் காரியமில்லை.

பையன் வலையை எடுக்கவில்லை, பழைய பிஸ்கட் டப்பாவை எடுக்கிறான். வலையில் பிடித்தால் செட்டை முள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும், பிறகு வலையைக் கத்தரித்துத்தான் மீனை விடுவிக்க வேண்டும். டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, மறு கையால் கட்டையை மெல்ல நகர்த்துகிறான். மீன் அசைவதாக இல்லை. அவனும் அவசரப்படுவதாக இல்லை. வாலில் ஒரு விரல் பட்டதும் விருட்டென்று டப்பாவுக்குள் பாய்கிறது. மூடியை அமுக்கித் தூக்கும்போது உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு முனகல். மாமா ஹெல்மெட்டோடு இரண்டடி பின்வாங்குகிறார்.

"நண்பன் வீட்ல சிமெண்டுக் குளம் இருக்கு மாமா. கால்வாய்க்கு வழி கிடையாது. கொண்டுபோய்க் குடுத்துர்றீங்களா?"

மாமா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார்.

தண்ணீர் வற்றியதும் அடியில் சரளை தெரிகிறது. கிளறினான், அழுகிய முட்டை நாற்றம் கூடத்தை நிறைத்தது. காற்றுப் படாத ஆழத்தில் தங்கிய வாயு. பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். அவர் பார்வை பஞ்சில் விழுந்தது. வடிகட்டிக்குள் இருந்த பஞ்சு அது, வாளித் தண்ணீரில் மிதக்கிறது, பக்கத்தில் காற்று மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. கறுத்து, கொழகொழவென்று, பார்க்கவே சகிக்காது.

"இதை ஏன்யா வச்சிருக்கே? சோப்பு போட்டுக் கழுவித் தர்றேன், குடு."

"ஐயோ பாட்டி, வேணாம்! அதுலதான் எல்லாமே இருக்கு."

"அதுல என்னா இருக்கு, அழுக்குதானே?"

அவன் கொஞ்சம் யோசித்தான். மீன் கழிவில் அம்மோனியா வரும், அது மீனையே கொல்லும், அதை நைட்ரைட்டாக்கவும் அதையும் நைட்ரேட்டாக்கவும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வேண்டும், அவை இந்தப் பஞ்சில் குடியிருக்கின்றன, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டால் செத்துவிடும், புதிதாக வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றெல்லாம் அவன் சொல்லியிருக்கலாம்.

"தயிருக்கு உறை ஊத்த நேத்து மோர் வைக்கிறீங்கல்ல பாட்டி? இது அந்த மோர்."

பாட்டி உடனே கையை எடுத்துக்கொண்டார். பஞ்சைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. "அப்ப மூடி வை. பூனை கீனை வாய் வச்சிடப் போவுது."

பிறகு வேலை வேகமாக நடந்தது. இரண்டடித் தொட்டி, கூடத்தின் வெயில் படாத சுவரோரம், பாட்டியின் இடுப்பு உயரத்துக்குப் பழைய தையல் மேசைமேல் ஏறியது. கழுவிய சரளை கொஞ்சம், கட்டை ஒன்று, நூலால் கட்டிய பாசி, எடுத்து வைத்த மூன்று வாளித் தண்ணீர். மிச்சத்துக்குக் குழாய்த் தண்ணீர், குளோரினை முறிக்கும் வெள்ளைக் கற்களில் ஒரு சிட்டிகை. பஞ்சு வடிகட்டிக்குள் போய் மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகுதான் மீன். எட்டும் ஒரே பையில். பையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, வாயைத் திறந்து சாய்த்தான். எட்டும் ஒரே பக்கமாக ஓடிக் கட்டைக்குப் பின்னால் ஒடுங்கின.

"இப்ப நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டுங்க பாட்டி" என்றான்.

பாட்டி அரை வாளியை வலது கையில் தூக்கினார். பையனின் கை தானாக முன்னே போனது. போன கையைப் பின்னுக்கு இழுத்து முதுகுப்பக்கம் கட்டிக்கொண்டான். பாட்டி சமையலறை வாசல் தாண்டி, கறிவேப்பிலை வரை நடந்து, ஊற்றிவிட்டுத் திரும்பினார். மூச்சு வாங்கவில்லை. "காண்டாவுல தூக்குனதுல இது கால்வாசி கூட இல்ல" என்றார்.

தண்ணீரைவிடத் தீனிதான் அவனைப் பயமுறுத்துகிறது போலும். கைமாறிய தொட்டிகளில் மீன் பட்டினியால் சாவது அபூர்வம். அன்பு அதிகமாகி, போட்டது மிஞ்சி, அழுகித்தான் சாகும். பாட்டியோ வருகிறவர் யாராக இருந்தாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டு வைப்பவர். பையன் அலமாரியிலிருந்து ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டியை எடுத்தான். பாட்டியின் பழைய பெட்டி, மூடிகளில் கிழமை எழுதியிருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் இரண்டு விரலால் கிள்ளிய அளவு தீனியைப் போட்டு மூடினான். ஓர் அறையை மட்டும் காலியாக விட்டான்.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைல ஒண்ணுமில்லையே?"

"அன்னைக்கு மீனுக்கு விரதம் பாட்டி. வாரத்துல ஒரு நாள் வயிறு காயணும், நல்லது."

"விரதம்னா வெள்ளிக்கிழமைக்கு மாத்து. நானும் அன்னைக்குத்தான் சாப்பிட மாட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே நாளா இருந்தா மறக்காது."

அவன் வெள்ளிக்கிழமை அறையைத் திறந்து, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டி, ஞாயிற்றுக்கிழமை அறையில் போட்டான்.