துரவு, காலி, ஈவு: பிள்ளைகளோடு ஒரு மோனைத் தேடல்



கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிற ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேர். இந்தத் தவணை தரம் 10 பிள்ளைகளோடு ஒரு வேலை தொடங்கினோம். பழைய புத்தகங்களைப் புரட்டி, ஒரே எழுத்தில் தொடங்கும் சோடிச் சொற்களைத் தேடிக் கொப்பியில் எழுதுவதுதான் வேலை. அதில் கண்டதைப் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்று பட்டது.

"முதலெழுத்து ஒன்றி வருவது மோனை" என்று எல்லாப் பிள்ளைகளும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். உதாரணம் கேட்டால் நோட்ஸில் உள்ள ஒன்றுதான் வரும். ஆனால் அதே பிள்ளையிடம் வீட்டில் உம்மா "மூட்டை முடிச்சைக் கட்டு", "கண்ணும் கருத்துமாப் படி" என்கிறார். அதுவும் மோனைதான். பாட்டில் மட்டும் இருப்பதல்ல, நம் வாயில் இருப்பது.

எழுத்து அச்சாக ஒன்றாய் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம். உ, ஊ, ஒ, ஓ இன்னொரு கூட்டம். மெய்யிலே ச–த, ஞ–ந, ம–வ உறவுக்காரர்கள். அதனால்தான் "கூட கோபுரம்" காதுக்குப் பொருந்துகிறது.

வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. அங்குள்ள நூலகத்துக்குச் சில சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். போக முடியாதவர்கள் "நூலகம்" இணையத்தளத்தில் பழைய இலங்கைப் புத்தகங்களை ஃபோனிலேயே பார்த்தார்கள்.

சோடிகள் நிறையக் கிடைத்தன. ஆனால் பல சோடிகளில் பிள்ளைகளுக்கு ஒரு சொல்தான் தெரியும்.

"தோட்டம் துரவு" வந்தது. ஒரு பிள்ளை அதைத் "துறவு" என்று திருத்தி எழுதிவிட்டு, "தோட்டத்தை விட்டுட்டுத் துறவியாப் போறதா சேர்?" என்று கேட்டார். துரவு என்றால் பெரிய கிணறு. தோட்டம் இருந்தால் இறைக்கத் துரவு இருக்கும். மாடி வீட்டில் டாங்கித் தண்ணீர் பிடிக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

"கன்று காலி" வந்தது. "கன்று ஏன் காலிக்குப் போகுது?" என்றார் இன்னொருவர். வகுப்பே சிரித்தது. இந்தக் காலி ஊரல்ல, மாட்டுக் கூட்டம்.

"ஈவிரக்கம்" வந்தது. ஈவு என்றால் வகுத்தலில் வருகிற விடை என்று கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை சொன்னார். அதுவும் சரிதான். ஆனால் இங்கே ஈவு என்பது ஈதல், கொடுத்தல். இரக்கப்படுவதோடு நின்றுவிடாமல் கையால் கொடுக்கவும் வேண்டும் என்று ஸகாத்தும் ஸதக்காவும் நமக்குச் சொல்லித் தருவதை, இந்த ஒரு சொல்லே சோடி கட்டி வைத்திருக்கிறது.

துரவு தனியாக நின்றிருந்தால் எப்போதோ மறைந்திருக்கும். தோட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்திருக்கிறது. மோனை அழகுக்கு மட்டுமல்ல. ஞாபகத்துக்குப் போட்ட முடிச்சு.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. 1842இல் அச்சாகும் வரை ஏட்டிலும் ஓதுவோர் நாவிலும்தான் அது வாழ்ந்தது. அவ்வளவையும் மனதில் இருத்த மோனையும் எதுகையும் கைகொடுத்தன. அறபுச் சொற்களையும் புலவர் தமிழ் ஓசைக்குள் கொண்டுவந்தார். கதீஜா கதீசா ஆனார். தமிழ்ச் சொல் ரகர, றகரத்தில் தொடங்காது என்பதால் றசூல் என்பது "இறசூல்" ஆனது. அந்த ஒரு "இ" சேர்ந்ததும், இ, எ வரிசைச் சொற்களெல்லாம் அதற்கு மோனை உறவாகிவிட்டன. அறபும் தமிழும் ஒரே அடியில் அருகருகே உட்கார்ந்தது இப்படித்தான்.

"தமிழ் வீட்டில பேசுறதுதானே, பாஸாகிடுவான்" என்று பல பெற்றோர் எங்களிடம் சொல்கிறார்கள். பாஸாகலாம். ஆனால் வீட்டில் பேசுகிற தமிழே ஒவ்வொரு சோடியிலும் ஒரு சொல்லை இழந்துகொண்டு வருகிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்தவர்கள் இப்போது எண்பது வயதில் இருக்கிறார்கள். புத்தகம் அலுமாரியில் காத்திருக்கும். மூத்தம்மாமார் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். இன்றைக்கு இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் பிள்ளையை வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். இப்படி ஒரு சோடிச் சொல்லும் அதன் பொருளும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கிடைத்ததைக் கீழே போடுங்கள். எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், தவணை முடிவில் பிள்ளைகளின் கையெழுத்திலேயே ஒரு சிறு தொகுப்பாக்கி வகுப்பில் வைப்போம்.

"ஓய்வு ஒழிச்சல் இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதையும் மோனையில் சேர்த்துக்கொண்டு, ஒழிச்சல் என்றால் என்ன என்று உங்களிடமே கேட்போம்!