பழசை அழிக்கும் முன்

வெப் சர்வரை நாமே கம்பைல் செய்து நிறுத்துவது இன்றைய பிள்ளைகளுக்கு அவசியமில்லாத வேலை. ஒரு வரிக் கட்டளையில் எல்லாம் வந்து இறங்கிவிடுகிறது. 2004 வாக்கில் அப்படியில்லை. அப்பாச்சி 2.0, அதற்குள் பிஎச்பி, கூடவே சப்வெர்ஷன். எல்லாவற்றுக்கும் பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸ் லைப்ரரி வேண்டும், ஆனால் ஆளுக்கொரு பதிப்பு.

வேடிக்கை என்னவென்றால், கம்பைல் முணுமுணுப்பில்லாமல் முடியும். சர்வரும் ஓடும். டேட்டாபேஸைத் தொடும் கோரிக்கை வந்ததும் எரர் லாகில் 'செக்மென்டேஷன் ஃபால்ட் (11)' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பெர்க்லி டிபி 4.1, 4.2 இரண்டிலும் டிபி_கிரியேட் என்ற ஃபங்ஷன் அதே பெயரில் இருக்கிறது, உள்ளமைப்புதான் வேறு. ஒரே பிராசஸுக்குள் இரண்டும் ஏறினால், முதலில் அகப்பட்டதையே லிங்க்கர் எல்லோருக்கும் காட்டிவிடும்.

புதிதாகச் சேரும் பையன்கள் உடனே கேட்பது, "சார், பழைய லைப்ரரியை டெலீட் பண்ணிடவா?"

"தம்பி, அதை யாரெல்லாம் பிடிச்சுக்கிட்டிருக்காங்கன்னு முதல்ல பாரு" என்பேன். அப்பாச்சியின் ஒவ்வொரு மாட்யூல் மீதும் எல்டிடி கட்டளையை ஓட்டினால் யாருக்கு எந்த லிப்டிபி என்று தெரிந்துவிடும். அதோடு, மெயிலைக் கவனிக்கும் போஸ்ட்ஃபிக்ஸும் அந்தப் பழசை நம்பியிருக்கக்கூடும். அழித்தால் வெப் சர்வர் பிழைக்கும், அலுவலக மெயில் நின்றுபோகும். அப்பாவின் மளிகைக் கடையை ஏற்ற மகன் முதல் நாளே பற்று நோட்டை மூடுவது மாதிரிதான் இது. மாதக் கடைசியை அந்த நோட்டில் ஓட்டும் வீடுகள் அவன் கணக்கில் வருவதில்லை. வேகமான பிள்ளைகளிடம் நான் காணும் ஒரே குறை இது. சோம்பேறிகள் இந்தத் தப்பைச் செய்வதே இல்லை!

பெர்க்லி டிபியைச் செய்தவர்கள் விவரமானவர்கள். ஒவ்வொரு பதிப்பும் தன் எண்ணைத் தாங்கிய தனி டைரக்டரியில் போய் உட்காரும், பழசும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஒரே பிராசஸுக்குள் வருகிறவர்களை மட்டும் ஒரு பதிப்புக்குக் கொண்டுவந்தால் போதும். 4.2 என்று முடிவானால் ஏபிஆர்-யூடில், சப்வெர்ஷன், பிஎச்பி எல்லாவற்றுக்கும் கான்ஃபிகரில் அதே பாதை. அதற்கு முன் மேக் டிஸ்ட்கிளீன், இல்லையேல் பழைய பாதை எங்காவது ஒட்டிக்கொண்டு வரும். எல்லோரையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவர முடியாதபோது 'யூனிக்நேம்' விருப்பத்தோடு டிபியைக் கட்டலாம், ஃபங்ஷன் பெயரோடு பதிப்பு எண்ணும் சேர்ந்துகொள்ளும்.

பிறகு டேட்டா. சப்வெர்ஷன் களஞ்சியம் 4.1-இல் உருவானதென்றால், புதியது அதைத் திறக்க மறுக்கலாம். பழைய எஸ்விஎன்அட்மின் கொண்டே டம்ப் எடுத்து, புதியதில் லோடு செய்ய வேண்டும். லோடு முடிந்து, பழைய ரிவிஷன்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்க்கும்வரை 4.1 டைரக்டரியில் யாரும் கைவைக்க விடமாட்டேன்.