எலுமிச்சம்பழங்கள்

'கார்ஸ் 2' (2011) படத்தின் வில்லன்களை 'லெமன்' என்று கூப்பிடுகிறார்கள். வாங்கின நாளிலிருந்து தொல்லை கொடுக்கும் வண்டிக்கு அமெரிக்காவில் அதுதான் பெயர். கிரெம்லின், பேசர், யூகோ எல்லாம் நிஜமாகவே ரோட்டில் ஓடி, ஊர் சிரித்த மாடல்கள். திருத்தணிக்காரனுக்கு இது கொஞ்சம் இடிக்கும். இங்கே மலைக்குப் புது வண்டி வந்தால், நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றித்தான் பூஜையை முடிப்பார்கள். நமக்குப் பழம் திருஷ்டிக்கு, அவர்களுக்கு வண்டியே பழம்.

ஜான் லாஸெட்டர் இயக்கிய முதல் பாகம் (2006) எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்டர்ஸ்டேட் 40 வந்ததும் மேப்பிலிருந்தே காணாமல் போன ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ், அங்கே தன் பழைய கோப்பைகளை ஒளித்து வைத்திருக்கும் டாக் ஹட்சன். பழசாகிப் போவதைப் பற்றி ஒரு கார்ட்டூன் அவ்வளவு மரியாதையாகப் பேசியது ஆச்சரியம்தான்.

இரண்டாம் பாகமும் அவர் இயக்கியதுதான். ஆனால் அந்த ஊரை விட்டுவிட்டு டோக்கியோ, இத்தாலி, லண்டன் என்று ஸ்பை கதை. துணைக்கு நின்று சிரிக்க வைத்த மேட்டரை ஹீரோவாக்கி, ஒரே ஜோக்கைப் படம் முழுக்க இழுக்கிறார்கள். வசூல் முதல் பாகத்தைவிட அதிகம், சுமார் 56 கோடி டாலர். ஆஸ்கர் பரிந்துரை மட்டும் கிடைக்கவில்லை. பிக்ஸாருக்கு அது புதுசு.

ஜோக் சப்பென்று போனதுகூட பரவாயில்லை. எனக்கு உறுத்துவது வேறு. மேட்டர் தன் உடம்பில் இருக்கும் நசுங்கல்களை எடுக்க விடமாட்டான், ஒவ்வொன்றும் ஒரு ஞாபகமாம். நல்ல காட்சி. அப்படியானால் லெமன்களின் நசுங்கல்? உலகமே தங்களைப் பார்த்துச் சிரித்தது என்பதுதான் அவர்கள் கோபம். அதில் பொய் இல்லையே! கடைசியில் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ஆட்கள் லண்டனில் வந்திறங்கி அந்த லெமன்களை அடித்து நொறுக்குகிறார்கள். 1959 மாடல் இம்பாலா, பழைய ஃபியட், ஒரு ஃபோக்ஸ்வேகன் வேன். அடிக்கிறவர்களும் கிழட்டு வண்டிகள்தான். முதல் பாகத்தின் ஊர் இரண்டாம் பாகத்தில் ரவுடி கோஷ்டியாகிவிட்டது.

பெரியப்பாவிடம் ஓர் அம்பாசடர் இருந்தது. உத்தரபாராவில் 2014 மே மாதம் உற்பத்தியே நின்றுவிட்டது, பார்ட்ஸ் தேடித்தான் பிடிக்க வேண்டும். மெக்கானிக் கிண்டல் பண்ணிக்கொண்டே பானெட்டைத் திறப்பார். "இன்னும் பத்து வருஷம் ஓடும் நைனா, நீ உட்டாதான் உண்டு." தமிழும் தெலுங்கும் கலந்த ஊர், கேலியும் பாசமும் சேர்ந்தேதான் வரும். மேட்டர் ஒரே இடத்தில் அந்த மெக்கானிக் மாதிரி ஆகிறான், பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் போல்ட்டை அடையாளம் கண்டு குட்டை உடைக்கும்போது. பழைய வண்டியைத் தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும் விஷயம். படம் அதைத் துப்பறிய எடுத்துக்கொண்டதோடு சரி.

மூன்றாம் பாகம் (2017) மறுபடியும் டாக் ஹட்சனின் ஞாபகத்துக்கே திரும்பியது. மேட்டரை ஓரமாகப் பார்க் பண்ணிவிட்டார்கள்.