பனியைத் தேடிப் போனேன்

மணவூரில் மார்கழிப் பனிக்கே மப்ளர் சுற்றிக்கொள்கிறவர் என் கணவர். அவரை நச்சரித்து 2024 ஜனவரியில் குல்மார்க்குக்கு அழைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் வெண்பனியாவது ஒன்றாவது! மைதானம் முழுக்கக் காய்ந்த புல்.

"இதற்கு அறுப்பு முடிந்த நம் ஊர் வயலே தேவலையே!" என்றார்.

டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் அங்கே கடுங்குளிர். 'சில்லாய் கலான்' என்கிறார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தால்தான் பனி விழும். அந்த வருஷம் அது வரவில்லை.

சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கிழவர் சும்மா உட்கார்ந்திருந்தார். "வியாபாரம் போகட்டும், அம்மா. மலையில் பனி இல்லாவிட்டால் கோடையில் வயலுக்குத் தண்ணீர் ஏது?" என்றார் இந்தியில். போட்டோ பிடிக்க வந்த எனக்கு வாயடைத்துவிட்டது.

மாதக் கடைசியில்தான் பனி கொட்டியது. பேப்பரை என்னிடம் நீட்டி, "உன் கிழவருக்குத் தண்ணீர் வந்துவிட்டது!" என்றார் இவர்.