பேத்தி பெயருக்குப் போன பார்சல்கள்

எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அமெரிக்காவில் இருக்கிற பேத்திக்குத் தன் கையாலேயே பொம்மை தைத்து அனுப்புகிற ஆச்சி என்பார்கள். தையல் என்னுடையதுதான். அந்தப் பெயருக்கு மட்டும் எனக்குத் தகுதி இல்லை. பேத்தியின் பெயரை மேலே எழுதி, என் மருமகளைக் குத்துவதற்காக நான் பல பார்சல்களை அனுப்பியிருக்கிறேன்.

பொருள்களில் குறை இருந்ததில்லை. பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துப் பஞ்சு அடைத்து, கறுப்பு நூலால் கண் வைத்த பொம்மை போயிருக்கிறது. மரப் பல்லாங்குழி கனம், தபால் செலவு தாங்காது. அதனால் கெட்டித் துணியில் வரிசைக்கு 7 வட்டமாக இரண்டு வரிசை சங்கிலித் தையல் போட்டு, சுருட்டி அனுப்பினேன். புளியங்கொட்டையோ மஞ்சாடியோ வைக்க முடியாது. விதை என்றால் அங்கே சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். பழைய சட்டைகளிலிருந்து கழற்றி வைத்திருந்த பொத்தான்களைக் குழிக்கு 5 வீதம் 70 எண்ணி, ஒரு சுருக்குப்பையில் போட்டேன். சில பொத்தான்கள் அவள் தாத்தாவின் சட்டையில் இருந்தவை. அதைத் தைத்த நாள்களில் மனசு நிறைந்துதான் இருந்தது.

விஷம் கடிதத்தில் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் பேத்திக்கு ஒரு கடிதம் வைப்பேன். ‘அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறாளா?’ ‘வீட்டில் சமைக்கிறாளா, கடையில் வாங்குகிறாளா?’ ‘உன் வயதில் உன் அப்பா அத்தனை குறள் சொல்வான்.’ ஏழு வயதுக் குழந்தையிடம் கேட்கிற கேள்விகளா இவை? என் கையெழுத்தை அவளால் படிக்க முடியாது, தாய்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். என் குற்றச்சாட்டை அவள் வாயாலேயே அவள் பிள்ளைக்குச் சொல்ல வைத்தேன்.

ஒரு முறை பேத்தி தானாகவே ஒரு கடிதம் அனுப்பினாள். கோடு போட்ட தாளில் பென்சிலால் நாலு வரி. ‘ஆச்சி நள்ளா இருக்கீங்களா’ என்று தொடங்கியிருந்தாள். கீழே பல்லாங்குழியும் அவளும் நானும் படமாக. நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. சிவப்புப் பேனாவை எடுத்துப் பிழை திருத்தி, ஓரத்தில் ‘அம்மா கவனிப்பதில்லையா?’ என்றும் எழுதி, அடுத்த பெட்டியில் அந்தத் தாளையே திருப்பி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு அவள் எழுதவில்லை. போனில் கேட்டால், “ஹோம்வொர்க் இருக்கு ஆச்சி” என்பாள்.

2025 ஆகஸ்ட் கடைசியில் இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதை நிறுத்தியது. 800 டாலர் வரையான சரக்குக்கு இருந்த வரிவிலக்கை அந்த நாடு நீக்கியிருந்தது. வரியை யார் வசூலிப்பது என்பது தெளிவாகாததால் விமான நிறுவனங்கள் தபாலை ஏற்ற மறுத்தன. தீபாவளிக்குத் தைத்த பாவாடை அலமாரியில் கிடந்தது. அந்த நாள்களில்தான் என் கடிதங்களின் நகல் நோட்டை எடுத்துப் படித்தேன். வாத்தியார் பழக்கம், எதையும் நகல் எழுதி வைப்பேன். பக்கத்துக்குப் பக்கம் அம்மா, அம்மா என்று ஒரே குற்றப்பத்திரிகை. அந்தக் குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று ஓரிடத்தில்கூட நான் கேட்கவில்லை.

1928இல் நேரு, மசூரியில் இருந்த 10 வயது இந்திராவுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பூமி எப்படி உண்டானது, உயிர்கள் எப்படித் தோன்றின, மொழிகள் எப்படி வந்தன என்று ஒரு தகப்பன் தூரத்திலிருக்கும் பிள்ளைக்கு உலகத்தையே காட்டிய எழுத்து அது. நான் என் பேத்திக்கு அவள் அம்மாவின் குறைகளை மட்டும் காட்டியிருக்கிறேன்.

மகனிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். அவன் கோபப்படவில்லை. “அந்த லெட்டர எழுத வைக்கதுக்கு அவ ஞாயித்துக்கிழமையெல்லாம் பக்கத்துலயே உக்காந்திருந்தாம்மா. நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து, தூங்காம. ஒனக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னுதான்” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் சிவப்பு மையால் அடித்தது அவள் கற்றுக்கொடுத்த தமிழை.

அதே ஆண்டு அக்டோபர் 15இலிருந்து பார்சல் மறுபடியும் போகிறது. 100 டாலருக்குள் என்றால் பரிசுக்கு வரி இல்லை. இப்போது கடிதத்தில் எங்கள் மாடியில் வந்து உட்காரும் மைனாவைப் பற்றி எழுதுகிறேன். அவள் தாத்தா தாமிரபரணியில் நீந்தியதை எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வசதியாகப் பெரிய எழுத்தில். பேத்தி இன்னும் பதில் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மருமகளிடம் மட்டும் எதுவும் சொல்ல முடியவில்லை. “சாப்பிட்டீங்களா அத்தை?” என்று எப்போதும்போலக் கேட்கிறாள். நானும் சாப்பிட்டேன் என்று சொல்லி போனை வைத்துவிடுகிறேன். நேரில் சொல்ல வராததை இங்கே எழுதியிருக்கிறேன், மகன் உனக்குக் காட்டுவான். தப்பு முழுக்க என்னுடையதும்மா. என்னை மன்னித்துவிடு.